பிறந்த குழந்தைக்குக் காது டெஸ்ட்: 700 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

சிசேரியன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்த பில்லில், ரூம் வாடகை, மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் கீழே ‘ஓ.ஏ.ஈ. ஸ்கிரீனிங் – 700’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தங்கள் பில்லிலும் அதைப் பார்த்துவிட்டு, பச்சைப் புள்ளைக்குக் காதில் என்ன டெஸ்ட், எல்லாம் காசு பிடுங்கத்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, பிரசவ பில்லில் தேவையில்லாத வரிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்த வரி அப்படிப்பட்டதில்லை. அந்த முழு பில்லிலும் கொடுத்த காசுக்கு மேலே பெறுமானம் உள்ளது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெஸ்டுக்கு ஐந்துக்கு ஐந்து, அதை எங்களுக்குச் செய்துகொடுத்த ஆஸ்பத்திரிக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் டெஸ்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது, அதற்குள் நுண்ணிய மயிர் செல்கள். வெளியிலிருந்து சத்தம் போனால் அந்தச் செல்கள் அசையும், அசையும்போது அவையே ரொம்ப மெல்லிய ஒரு ஒலியைத் திருப்பி அனுப்பும். இதை 1978இல் டேவிட் கெம்ப் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி அளந்து காட்டினார். ஓ.ஏ.ஈ. கருவி செய்வது அவ்வளவுதான்: குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து ‘டிக் டிக்’ என்று ஒலி அனுப்புகிறது, உள்ளேயிருந்து பதில் ஒலி வருகிறதா என்று மைக்கில் கேட்கிறது. பதில் வந்தால் பாஸ், சரியாக வரவில்லை என்றால் ரெஃபர். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும். எல்லாம் கூடிவந்தால் ஒரு காதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்களுக்கு எல்லாம் கூடிவரவில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையிலேயே, குழந்தை பிறந்து ஒரு நாள் முழுசாக ஆகும் முன்னாலேயே, ஒரு பெண் கையடக்கக் கருவியுடன் வார்டுக்கு வந்தார். மேலே ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, பக்கத்தில் யாரோ போனில் பெயர் வைப்பது பற்றிச் சத்தமாகப் பேசுகிறார்கள், என் மகள் பாலுக்கு அழுதுகொண்டிருக்கிறாள். அந்த நிலையிலேயே ரப்பர் முனையைக் காதில் வைத்தார். திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின, ‘நாய்ஸ்’ என்று திரும்பத் திரும்பக் காட்டியது, அவர் கையால் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். வலது காது பாஸ். இடது காது ரெஃபர். முனையை எடுத்துத் துடைத்துப் பார்க்கவோ, பால் குடித்துத் தூங்கிய பிறகு வருகிறேன் என்று சொல்லவோ இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டு, “ஒரு மாசம் கழிச்சு வாங்கம்மா” என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அந்தச் சீட்டில் எங்கே வரவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், எந்த நம்பருக்குக் கூப்பிடவேண்டும் என்று எதுவும் இல்லை. ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டரிடம் கேட்டேன், “நிறையப் பேருக்கு அப்படித்தான் வரும், பயப்படாதீங்க” என்றார். அது உண்மைதான். ஆனால் ஏன் அப்படி வரும், பிறகு என்ன செய்யவேண்டும் என்று இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதம் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

அந்த இரண்டு வாக்கியத்தை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் காதுத் துளையில் வெள்ளை மாவு போன்ற பிசின் ஒட்டியிருக்கும், நடுக்காதில் பனிக்குட நீர் மிச்சம் இருக்கும். முதல் நாளில் டெஸ்ட் எடுத்தால் இந்த இரண்டுமே ஒலியை மறித்துவிடும், நல்ல காதுக்குக்கூட ரெஃபர் வந்துவிடும். சிசேரியன் குழந்தைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகம். 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் 48 மணி நேரம் கழித்து, குழந்தை வயிறு நிறைந்து தூங்கும்போது அமைதியான அறையில் எடுத்தால் இந்த வீண் பயம் பெருமளவு குறையும். ரெஃபர் வந்தாலும் வீட்டுக்கு அனுப்பும் முன்னால் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம். சிசேரியன் என்றால் எப்படியும் மூன்று நான்கு நாள் அங்கேதான் இருக்கப்போகிறோம், அப்படியிருக்க மறுநாள் காலையிலேயே எடுக்கவேண்டிய அவசரம் என்ன? டெக்னீஷியன் வரும் நாள் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அத்தை தட்டில் கரண்டியால் தட்டிக் காட்டினார், குழந்தை திடுக்கிட்டுக் கையைத் தூக்கியது. “பாரு, புள்ளைக்கு நல்லா கேக்குது, எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் கைதட்டுவது, கதவைப் படாரென்று சாத்துவது, பாத்திரத்தைத் தட்டுவது இதெல்லாம் காது கேட்கிறதா என்பதற்குச் சோதனையே ஆகாது. தரை அதிர்வதும் காற்று முகத்தில் படுவதும் நிழல் அசைவதும் காது கேட்காத குழந்தையையும் திடுக்கிட வைக்கும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இன்னொரு காது அதை மறைத்துவிடும். பாதி கேட்டுப் பாதி கேட்காத குழந்தை பெரிய சத்தத்துக்குத் திரும்பும், ஆனால் பேச்சில் உள்ள ‘ஸ’, ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் அதற்கு எட்டவே எட்டாது. இன்னொன்று, காது கேட்காத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகள் போலவே ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும், குரல் கொடுக்கும். அதனால் பெற்றவர்களுக்குச் சந்தேகமே வராது.

இங்கிலாந்தில் பல வருடங்களாக இதே கரண்டி வித்தையைத்தான், கொஞ்சம் ஒழுங்காக, அரசாங்கமே செய்துவந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது சுகாதாரப் பணியாளர் வந்து, பின்னாலிருந்து ஒலி எழுப்பித் திரும்பிப் பார்க்கிறதா என்று சோதிப்பார். அதில் நிறையக் குழந்தைகள் தவறிப்போனார்கள். தொண்ணூறுகளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் கருவியால் சோதிப்பதைவிட இந்தப் பழைய முறைக்குத்தான் செலவும் அதிகம் என்று தெரிந்தது. 2001இல் புதிய முறையை ஆரம்பித்து 2006க்குள் இங்கிலாந்து முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். காசு பிடுங்கும் வேலை என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அங்கே அது அரசுப் பணத்தில் நடக்கிற இலவச டெஸ்ட், யாருக்கும் அதில் லாபம் கிடையாது, அப்படியும் கணக்குப் பார்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வருவதற்கு என் அக்கா மகன்தான் காரணம். அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்தார்கள், எங்கள் பக்கம் அது சாதாரணம். அவன் பிறந்தது ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில், அங்கே இந்த டெஸ்ட் கிடையாது. இரண்டு வயது தாண்டியும் அம்மா என்று சொல்லவில்லை. “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்” என்றார்கள், “ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசுவான்” என்றார்கள், நாக்கில் தேன் தடவச் சொன்னார்கள், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டச் சொன்னார்கள். கடைசியில் பெரா டெஸ்ட் (ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது) எடுத்தபோது இரண்டு காதுமே கிட்டத்தட்ட கேட்கவில்லை என்று வந்தது. முதலில் காது மிஷின் போட்டுப் பார்த்தார்கள், பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் நடந்தது, அதாவது உள்காதுக்குள் ஒரு கருவியைப் பொருத்தி, அதோடு சேர்ந்து வேலை செய்ய வெளியிலும் ஒன்றை மாட்டுவது, அப்போது அவனுக்கு நான்கு வயது நெருங்கிவிட்டது. இன்று அவன் பேசுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், என்னைச் “சித்தி” என்று கூப்பிடுகிறான். ஆனால் நீளமான வாக்கியம் அவனுக்கு இன்னும் சிரமம். ‘நேற்று போனோம்’, ‘நாளைக்குப் போவோம்’ இரண்டும் குழம்பும். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து பேசினால் அமைதியாகிவிடுவான்.

நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தாலே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்தவர்களின் பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் பிறவிக் காது கேளாமையில் பெரும்பங்கு மரபணு சார்ந்தது, அதிலும் பெரும்பங்கு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி மரபணு வந்தால்தான் வெளிப்படும் வகை. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு மட்டும் இருப்பவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும், அதனால் ‘எங்க பரம்பரையிலயே யாருக்கும் இல்லையே’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. குறைமாதம், கடுமையான மஞ்சள் காமாலை, குடும்பத்தில் ஏற்கனவே காது கேளாத ஒருவர் என்று எந்தக் காரணமுமே இல்லாத குழந்தைகள் இதில் ஏறத்தாழ பாதி. ஆகவே ஆபத்து இருக்கும் குழந்தைகளுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்று செலவைச் சுருக்கினால் பாதிக் குழந்தைகளை அப்படியே விட்டுவிடுவோம்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். பிறவியிலேயே குறிப்பிடத்தக்க அளவு காது கேளாமை ஆயிரம் குழந்தைகளுக்கு 1 முதல் 3 வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் கொடுத்த 700 ரூபாயையே வைத்துக்கொண்டால், ஆயிரம் குழந்தைகளுக்கு 7 லட்சம். இரண்டு குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டால் தலைக்கு மூன்றரை லட்சம், ரெஃபர் வந்தவர்களுக்கு மறுபடி எடுக்கும் செலவு தனி. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் 700 என்பது தனியார் ஆஸ்பத்திரி வைத்த விலை, டெஸ்டின் உண்மையான அடக்கவிலை அதைவிட நன்றாகக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். கருவிக்குச் சில லட்சம் ஆகும், ஆனால் அது பல வருடம், பல ஆயிரம் குழந்தைகளுக்கு உழைக்கும். ரப்பர் முனையும் ஆள் சம்பளமும்தான் தொடர்ந்து வரும் செலவு.

இதைக் குறைந்த செலவில் செய்ய முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாகக் கருவி வாங்காமல், பயிற்சி பெற்ற ஒருவர் கருவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சோதிக்கும் பொது ஏற்பாட்டை நடத்தினார்கள். ரெஃபர் வருகிறவர்களுக்கு அடுத்த கட்ட டெஸ்ட் ஒரே மையத்தில். சின்ன ஊர் நர்ஸிங் ஹோம்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை, அக்கா மகன் பிறந்த இடம் போன்றவை தனியாகக் கருவி வாங்கப் போவதில்லை. 2017இல் ‘சோஹம்’ என்று இந்தியாவிலேயே தயாரான ஒரு கருவியும் வந்தது, தலையில் மூன்று எலக்ட்ரோடு ஒட்டி மூளைக்குப் போகும் அலையை அளப்பது, வெளிநாட்டுக் கருவிகளின் விலையைத் தவிர்ப்பதற்காகவே செய்தது.

செலவை இன்னொரு பக்கமும் பார்க்கவேண்டும், இதில்தான் பலர் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆபரேஷன் செலவு மிச்சம் என்று எழுதுகிறார்கள். மிச்சமாகாது. இம்ப்ளான்ட் தேவைப்படும் குழந்தைக்கு ஒரு வயதில் செய்தாலும் நான்கு வயதில் செய்தாலும் அதே பல லட்ச ரூபாய்தான். வித்தியாசம், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் மூன்று வருடங்கள், அந்த வருடங்களில் ஒலி போகவில்லை என்றால் கேட்பதற்கான பகுதியை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது: ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு உதவி ஆரம்பித்த குழந்தைகளின் மொழித்திறன், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது, கேளாமையின் அளவு எதுவானாலும் சரி. இதற்கு முன்னால் அங்கேயும் குழந்தைகளைக் கண்டுபிடிக்கவே சராசரியாக இரண்டரை வயது ஆகிக்கொண்டிருந்தது. இப்போது ஆடியாலஜிஸ்டுகள், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்கள், 1-3-6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்யும் டெஸ்ட், ஆறு மாதத்துக்குள் மிஷினோ பயிற்சியோ ஆரம்பிக்கவேண்டும்.

அக்காவுக்கு ஆன செலவைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷனுக்குக் காப்பீடு கொடுத்தது, ஆனால் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் வாரம் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ், மத்தியானச் சாப்பாடு, மாமாவுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. அக்கா பார்த்துக்கொண்டிருந்த நர்சரி ஸ்கூல் வேலையை விட்டாள். வெளியில் மாட்டும் கருவிக்கு பேட்டரி, ஒயர் போனால் ஒயர், வாரண்டி முடிந்த பிறகு எல்லாம் சொந்தக் காசு. இந்தப் பயிற்சியை ஒரு வயதில் ஆரம்பித்த குழந்தை, பள்ளியில் சேரும்போது மற்றக் குழந்தைகளோடு உட்கார்ந்து பாடம் கேட்கும் வாய்ப்பு அதிகம். நான்கு வயதில் ஆரம்பித்தவனுக்கு மற்றவர்கள் இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்கும்போது அவன் வாக்கியம் பழகிக்கொண்டிருக்கவேண்டும். இந்தச் செலவு எந்த ஆஸ்பத்திரிப் பில்லிலும் வராது.

காது கேளாத பெற்றோர் சிலர், எங்களுக்குக் கருவி வேண்டாம், சைகை மொழி போதும் என்கிறார்கள். அவர்கள் வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அங்கேயும் சீக்கிரம் தெரிந்தால்தான் நல்லது. சைகை மொழியாக இருந்தாலும் தமிழாக இருந்தாலும் முதல் வருடத்திலேயே குழந்தைக்கு ஏதோ ஒரு மொழி முழுசாகப் போய்ச் சேரவேண்டும். எதுவும் சேராமல் இரண்டு வருடம் போவதுதான் கொடுமை.

இப்போது எங்கள் கதையின் மீதி. ஒரு மாதம் ஆனதும் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டார், புதியவர் இன்னும் வரவில்லை என்றார்கள். ரெஃபர் வந்த குழந்தைகளின் பட்டியல் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், அப்படி எதுவும் இல்லை என்றார்கள். என்னை ரொம்பக் கோபப்படுத்தியது இதுதான். எங்களுக்குப் படிப்பு இருக்கிறது, அக்கா மகனைப் பார்த்த அனுபவம் இருக்கிறது, நாங்களே போன் போட்டோம். அந்தச் சீட்டைப் பழைய துணியோடு மடித்து வைத்துவிட்டு மறந்த குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அவர்களில் ஒரு குழந்தைக்கு நிஜமாகவே கேட்காமல் இருந்தால், டெஸ்ட் எடுத்தும் எடுக்காதது மாதிரிதான், பில் கட்டியது மட்டும்தான் மிச்சம். அமெரிக்காவில் இப்போது நூற்றுக்கு 95க்கும் மேல் குழந்தைகளுக்கு ஸ்கிரீனிங் நடக்கிறது, அங்கேயே ரெஃபர் வந்த பிறகு திரும்ப வராமல் போகிறவர்கள்தான் பெரிய தலைவலி என்கிறார்கள். அதனால் ஒரு ஆஸ்பத்திரி இந்த டெஸ்டுக்குக் காசு வாங்கினால், ரெஃபர் வந்தவர்களை ஒரு மாதம் கழித்துக் கூப்பிடும் பொறுப்பும் அந்தக் காசுக்குள் அடக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் தெரிந்தவர் சொல்லி ஊரிலேயே வேறொரு ஆடியாலஜி சென்டருக்குப் போனோம். அங்கே முதலில் குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்லி, தூங்கும்வரை எங்களைத் தனியறையில் உட்கார வைத்தார்கள். ஏசியை நிறுத்தினார்கள், என் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். ஆடியாலஜிஸ்ட் முனைகளில் மூன்று நான்கு அளவு வைத்திருந்தார், என் மகளின் காதுக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்து, காது மடலை லேசாகப் பின்னால் இழுத்து உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். முனை தானாக நின்றது. அரை நிமிடத்தில் வலது பாஸ், திருப்பிப் படுக்க வைத்தால் இடதும் பாஸ். அக்கா குடும்பக் கதையைச் சொன்னதும் அவரே, “ஒருதடவை பெராவும் எடுத்துடலாம்மா, இப்பன்னா மருந்து இல்லாமயே தூங்கும்” என்றார். அது முக்கியமான விஷயம். மூன்று மாதத்துக்குள் என்றால் குழந்தை பால் குடித்துவிட்டு இயல்பாகத் தூங்கும்போதே இந்த டெஸ்டை எடுத்துவிடலாம். வயது ஏற ஏற தூக்க மருந்து கொடுக்கவேண்டி வரும், அக்கா மகனுக்கு அந்த சிரப்பைக் கொடுத்துவிட்டு அவன் வாந்தி எடுக்க, மறுபடி வேறொரு நாள் போகவேண்டியதாயிற்று.

பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தோலை ஒரு ஜெல்லால் தேய்த்து எலக்ட்ரோடு ஒட்டுகிறார்கள். காதில் ஒலி அனுப்பி, அது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று அலைகளாகப் பார்க்கிறார்கள். ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தார், ஒவ்வொரு கட்டத்திலும் திரையில் ஒரு மேடு இருப்பதைச் சுட்டிக்காட்டி, “இது இருக்கிற வரைக்கும் கேக்குதுன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். முக்கால் மணி நேரம் ஆனது, 2,000 ரூபாய். இரண்டு காதும் நார்மல். அவர் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக எழுதி, அடுத்து எப்போது வரவேண்டும் என்ற தேதியும் போன் நம்பரும் இருந்தது. இவருக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் இருந்ததும் இவர் வைத்திருந்த அதே வகை ஓ.ஏ.ஈ. கருவிதான்.

வீண் பயம் என்ற புகாரையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஆயிரம் குழந்தைகளில் 50 பேருக்கு முதல் தடவை ரெஃபர் வந்தால், அதில் நிஜமாகப் பிரச்சினை இருப்பது இரண்டு மூன்று பேருக்குத்தான், மீதிக் குடும்பங்கள் காரணமில்லாமல் கலங்குகின்றன. நானும் கலங்கினேன், தூங்குகிற பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சரியான நேரத்தில் எடுத்து, உடனே மறுபடி எடுத்து, ‘ரெஃபர் என்றால் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான்’ என்று உட்காரவைத்துச் சொன்னால் இந்தக் கலக்கத்தில் பெரும்பகுதி வராது. அதற்குப் பைசா செலவில்லை. டெஸ்டையே வேண்டாம் என்று சொல்ல இது காரணமாகாது.

தனியாரில் கட்ட வசதி இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. குழந்தைகளின் குறைகளைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து பிறவிக் காது கேளாமையும் அதில் கவனிக்கவேண்டிய குறைகளில் ஒன்று. மாவட்டங்களில் ‘டெய்க்’ என்று சொல்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வளாகத்தில். பிரசவம் எங்கே நடந்திருந்தாலும் அங்கே கொண்டுபோகலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும், காலையில் சீக்கிரம் போங்கள், குழந்தையை வழியில் தூங்கவிடாமல் அங்கே போய்த் தூங்கவையுங்கள். இம்ப்ளான்ட் வரை போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உதவுகிறது, மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் உதவி உண்டு, அதிலும் வயது வரம்பு இருக்கிறது. தாமதமாகக் கண்டுபிடித்தால் இந்த உதவிகளும் கைநழுவிப் போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

சென்னைக்காரர்களுக்கு அடையாறில் பால வித்யாலயா இருக்கிறது, 1969 முதல் காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகவே நடக்கும் பள்ளி, கைக்குழந்தையோடு அம்மாவையும் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி தருவார்கள். இப்படி ஓர் இடம் ஒவ்வொரு பெரிய ஊரிலும் இல்லையே என்பது என் ஆதங்கம். டெஸ்ட் கருவியை எத்தனை வாங்கினாலும், அதற்குப் பின்னால் பயிற்சி கொடுக்க ஆள் இல்லாவிட்டால் கண்டுபிடித்து என்ன பயன் என்று அக்கா ஒரு தடவை கேட்டாள், எனக்குப் பதில் இல்லை.

டெஸ்டின் குறைகளையும் சொல்லவேண்டும். ஓ.ஏ.ஈ. உள்காது வரை மட்டும்தான் பார்க்கிறது. காக்ளியா நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் அது பாஸ் என்றே காட்டிவிடும். குறைமாதத்தில் பிறந்து என்.ஐ.சி.யூ. என்ற பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றும் அளவுக்குப் போனவர்களுக்கும் இந்த நரம்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம், அவர்களுக்கு வெறும் ஓ.ஏ.ஈ. பாஸை நம்பி இருக்கக்கூடாது, பெரா வகை டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள். லேசான கேளாமையும் சில சமயம் தப்பிவிடும். இன்னொன்று, இன்று பாஸ் ஆன காது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எந்தக் கருவியும் உத்தரவாதம் தராது. மூளைக்காய்ச்சல், சில வைரஸ் தொற்று, காதைப் பாதிக்கும் சில ஊசி மருந்துகள், சில மரபணுக் காரணங்கள் இவையெல்லாம் பிறகும் கேட்கும் திறனைக் குறைக்கும். பிறக்கும்போது பாஸ் என்ற சீட்டைக் காட்டி, ஒன்றரை வயதில் பேச்சு வராத பிள்ளையை இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பார்க்கிறவர்கள், ஏழாம் மாதம் எட்டாம் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: காது டெஸ்ட் இருக்கிறதா, எந்த நாளில் எடுப்பீர்கள், ரெஃபர் வந்தால் இங்கேயே மறுபடி எடுப்பீர்களா, பெரா எங்கே, யார் எங்களைக் கூப்பிடுவார்கள். வளைகாப்பு முடிந்த சந்தோஷத்தில் இதெல்லாம் பேசுவது அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளித்தால் சுளிக்கட்டும். எங்கள் மகளுக்குக் குடும்பத்தில் காது கேளாத ஒருவர் இருப்பதால் இரண்டு டெஸ்டும் நார்மல் வந்த பிறகும் 9 மாதத்துக்குள் இன்னொரு தடவை முழுசாகப் பார்க்கவேண்டும் என்று அந்த ஆடியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரத்தில் அத்தைக்கும் மதுரையில் கண் டாக்டரைப் பார்க்கவேண்டியிருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.